முழு மூட்டு மாற்று, பாதி மூட்டு மாற்று: நடையில் வித்தியாசம் தெரியுமா?

தெரியும். ஆனால் சமதளத்தில் அல்ல, இறக்கத்தில்.

அம்மாவுக்கு 58 வயது, ஒரு டாக்டர் முழங்கால் மூட்டை முழுதாக மாற்றச் சொல்கிறார், இன்னொருவர் பாதி மாற்றினால் போதும் என்கிறார், எதில் நடை பழையபடி வரும் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை. ஆனால் இந்தக் கேள்விக்கு என் இரண்டு கால்களும் சாட்சி. இடது காலில் முழு மூட்டு, 2017 பிப்ரவரியில் வைத்தது. வலது காலில் பாதி மூட்டு, 2021-இல் வைத்தது. போதாததற்கு, முப்பது வருடம் பி.டி. மாஸ்டராக இருந்தவன். பிள்ளைகள் லெஃப்ட் ரைட் போடும்போது எந்த வரிசையில் கால் தப்புகிறது என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடுவேன். அந்தக் காது இப்போது என் காலடியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது.

ஒரே ஆளுக்கு ஏன் இரண்டு விதம்? இடது முட்டியில் வாலிபால் ஆடும்போது ஜவ்வு கிழிந்தது. ஏ.சி.எல். என்று சொல்வார்களே, அந்த முன் ஜவ்வு. அந்தக் காலத்தில் எண்ணெய் தேய்த்துக் கட்டுப்போட்டு அடுத்த மாதமே மைதானத்தில் இறங்கிவிட்டேன். அதன் பலன், அறுபது வயதில் முட்டியின் உள்பக்கம், வெளிப்பக்கம், முட்டிச் சில்லுக்குப் பின்பக்கம் என்று மூன்று இடமும் தேய்ந்துபோயிருந்தது. முழுதாக மாற்றுவதைத் தவிர வழியில்லை. வலது காலில் உள்பக்கம் மட்டும்தான் தேய்ந்திருந்தது, ஜவ்வுகள் எல்லாம் நன்றாக இருந்தன. அதனால் பாதி.

இதைத்தான் முதலில் புரிந்துகொள்ள வேண்டும். முழு மாற்றில் தொடை எலும்பின் அடிமுனையையும் கால் எலும்பின் மேல்முனையையும் சீவி, உலோகம் பொருத்தி, நடுவே பிளாஸ்டிக் வைக்கிறார்கள். பெரும்பாலான வகைகளில் முன் ஜவ்வை எடுத்துவிடுவார்கள். பின் ஜவ்வைச் சிலவற்றில் விட்டுவைப்பார்கள். சிலவற்றில் அதையும் எடுத்துவிட்டு, அந்த வேலையைச் செய்ய பிளாஸ்டிக்கிலேயே ஒரு முளை இருக்கும். பாதி மாற்றில் தேய்ந்த பக்கத்துக்கு மட்டும் உலோகமும் பிளாஸ்டிக்கும். இரண்டு ஜவ்வும், சில்லும், மறுபக்கமும் பிறந்தபடியே இருக்கும். எனக்கு வைத்தது ஆக்ஸ்போர்டு வகை. குட்ஃபெலோ என்ற அறுவை மருத்துவரும் ஓ'கானர் என்ற பொறியாளரும் 1970-களில் உருவாக்கியது. அதில் பிளாஸ்டிக் துண்டு ஒரே இடத்தில் பூட்டப்படாமல், முட்டி மடங்கும்போது கூடவே முன்னும் பின்னும் நகரும்.

சரி, நடைக்கு வருவோம். நல்ல முட்டி எப்படி நடக்கும் என்று ரிட்டயர் ஆன பிறகுதான் ஒழுங்காகத் தெரிந்துகொண்டேன், வெட்கக்கேடு. குதிகால் தரையில் பட்டவுடன் முட்டி 15, 20 டிகிரி மடங்கிக் கொடுக்கும். வண்டிக்கு ஷாக் அப்சார்பர் மாதிரி. பிறகு நிமிரும். காலை முன்னே வீசும்போது சுமார் 60 டிகிரி மடங்கும். வலி உள்ள முட்டி இந்த முதல் மடக்கத்தைத்தான் விட்டுவிடுகிறது, விறைப்பாகவே தரையில் இறங்குகிறது. முழு மாற்றுக்குப் பிறகு வலி போய்விடும், ஆனால் விறைப்பு பலருக்கு முழுதாகப் போவதில்லை. எனக்கும் போகவில்லை. என் மனைவி அடுப்படியிலிருந்தே சொல்வாள்: "ஏங்க, உங்க இடது கால் மட்டும் சத்தமா வருது." கூடவே சில சமயம் 'டக்' என்று ஒரு ஒலி, உலோகமும் பிளாஸ்டிக்கும் தட்டுவது. டாக்டரிடம் பதறிப்போய்க் கேட்டேன், வலியும் வீக்கமும் இல்லாவிட்டால் பயப்பட வேண்டாம் என்றார்.

வீட்டுக்குள்ளும் கடைத்தெருவிலும் மெதுவாக நடந்தால் எந்தக் காலில் என்ன இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் நாங்கள் இருப்பது குன்னூர். பெட்ஃபோர்டு பகுதியிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போவதென்றால் இறங்கியாக வேண்டும், சிம்ஸ் பூங்காவிலும் உள்ளே போகப் போக இறக்கம்தான். அங்கேதான் இரண்டு கால்களும் தனித்தனி ஆட்களாகிவிடுகின்றன. வலது கால் வழியைப் பார்க்காமலே வைக்கிறது. இடது காலை நான் 'வைக்க' வேண்டியிருக்கிறது, யோசித்து. இடது கால் வைக்கும் எட்டு குட்டை, வலது கால் வைக்கும் எட்டு நீளம். மழை பெய்து தரை ஈரமாக இருந்தால் வித்தியாசம் இரண்டு மடங்கு.

ஏன் என்று என் பிசியோவிடம் கேட்டேன். இறக்கத்தில் முட்டி உடம்பு பாரத்தைத் தாங்கிக்கொண்டே மடங்க வேண்டும், தொடையின் முன்தசை அதைக் கயிறு விடுவது போல மெதுவாக விட்டுக்கொடுக்க வேண்டும். முன் ஜவ்வு இல்லாத முட்டியில், மடங்கும்போது தொடை எலும்பு பின்னால் உருள்வதற்குப் பதில் சில நேரம் முன்னால் வழுக்குகிறது; ஓடும் எக்ஸ்ரே படத்தில் இதைப் பார்த்திருக்கிறார்கள் என்றார். "உடம்புக்கு அந்த வழுக்கல்ல நம்பிக்கை இல்ல மாஸ்டர். அதான் தசை எல்லாத்தையும் இறுக்கிப் பிடிச்சுக்குது."

இது என் ஒருவனுடைய கதை மட்டும் அல்ல. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஜஸ்டின் காப் என்ற அறுவை மருத்துவரின் குழு இதையே ட்ரெட்மில்லில் அளந்து பார்த்தது. முழு மாற்று, பாதி மாற்று, ஆரோக்கியமான முட்டி என்று மூன்று வகைக்காரர்களையும் நடக்கவிட்டார்கள். வேகத்தைக் கூட்டும்போது பாதி மாற்றுக்காரர்களின் நடை இயல்பான நடைக்கு நெருக்கமாகவே இருந்தது, முழு மாற்றுக்காரர்களின் நடை விலகியது. அந்த ஆய்வு 2013-இல் வெளியானது. பிறகு ட்ரெட்மில்லைச் சரித்து இறக்க நடையையும் பார்த்தார்கள், அதிலும் இரண்டு வகைக்கும் வேறுபாடு தெரிந்தது. மகன் இதை வாசித்துச் சொன்னபோது, குன்னூர்க்காரனிடம் கேட்டிருந்தால் மெஷின் செலவு மிச்சம் என்றேன்.

மறுபக்கமும் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் 528 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப்பேருக்கு ஒன்று, மீதிப்பேருக்கு மற்றது என்று செய்து ஐந்து வருடம் தொடர்ந்த ஆய்வு 2019-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. வலி, மாடிப்படி, கடைக்குப் போய்வருவது என்று கேள்வி கேட்டு மதிப்பெண் போட்டால் இரண்டும் ஏறக்குறைய சமம். அதோடு, பாதி மாற்றில் பின்னாளில் மறு ஆபரேஷன் தேவைப்படும் வாய்ப்பு முழு மாற்றைவிட அதிகம் என்று அந்த நாட்டு மூட்டு மாற்றுப் பதிவேடு காட்டுகிறது. மீதியுள்ள பக்கம் தேய்ந்தால் அதையும் மாற்ற வேண்டும் அல்லவா. 58 வயதுக்காரருக்கு முன்னால் நிறைய வருடங்கள் இருக்கின்றன, இதை டாக்டரிடம் நேரடியாகக் கேளுங்கள்.

இதையெல்லாம்விட எனக்குப் பெரிய அதிர்ச்சி வேறு. முதல் ஆபரேஷன் முடிந்து ஆறு மாதம் கழித்து பிசியோ என் நடையைச் செல்போனில் எடுத்துக் காட்டினார். முட்டி நேராக இருந்தது, வலி இல்லை, ஆனாலும் ஒவ்வொரு எட்டுக்கும் உடம்பை இடது பக்கம் சாய்த்துச் சாய்த்து நடக்கிறேன்! வலியோடு பத்து வருடம் நடந்த நொண்டல். டாக்டர் மூட்டை மாற்றிவிட்டார், பழக்கத்தை மாற்றவில்லை. அதற்கு மருந்து என் பழைய தொழில்தான். செல்போனில் தாளக் கருவியை ஓடவிட்டு, வராந்தாவில் கண்ணாடி முன்னால், குதிகால் முதலில், எட்டு ஒரே அளவு, லெஃப்ட் ரைட். பேரன் ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரிப்பான். தொடைத் தசைக்குத் தனியாகப் பயிற்சி: நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிப் பிடிப்பது, தாழ்வான படியில் ஏறி மெதுவாக இறங்குவது. முழு மாற்று செய்த முதல் மாதத்தில் அந்தத் தசையின் பலம் பாதிக்கும் கீழே போய்விடும் என்கிறார்கள், அது தானாகத் திரும்புவதில்லை. முழு மூட்டில் கைத்தடியைக் கைவிட எனக்கு மூன்று மாதம் ஆனது. பாதி மூட்டில் ஐந்தாவது வாரமே விட்டுவிட்டேன், ஆனால் அதற்குள் எனக்கு நடக்கத் தெரிந்துவிட்டது என்பதும் ஒரு காரணம். இரண்டாவது ஆபரேஷனை மட்டும் புகழ்ந்தால் நியாயமில்லை.

கைத்தடியை ஆபரேஷன் செய்த காலுக்கு எதிர்க்கையில் பிடிக்க வேண்டும், பலர் தப்பாகப் பிடிக்கிறார்கள். படியேறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில்.

பணம் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் வயிற்றெரிச்சல். நான் இடது காலுக்குக் கட்டியது பிப்ரவரியில். அதே 2017 ஆகஸ்டில் மத்திய அரசு முழங்கால் மூட்டுக்கு உச்சவரம்பு விலை அறிவித்தது, சாதாரண கோபால்ட் குரோமியம் உலோக மூட்டுக்கு 54,720 ரூபாய், வரி தனி. ஆறு மாதம் பொறுத்திருக்கலாம். வலி பொறுக்கவிட்டால்தானே.

உங்கள் அம்மா விஷயத்தில், இரண்டு டாக்டர்களிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: தேய்மானம் ஒரு பக்கம் மட்டும்தானா, முன் ஜவ்வு முழுதாக இருக்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால்தான் பாதி மாற்று என்ற பேச்சே. இல்லையென்றால் என் இடது காலைப் போல முழு மாற்றுதான், அதிலும் நன்றாகவே நடக்கலாம்.

அப்புறம், ஆபரேஷனுக்கு முன்னால் அம்மா நடப்பதை முன்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் ஒரு நிமிடம் வீடியோ எடுத்து வையுங்கள், பிறகு ஒப்பிட உதவும். என்னிடம் இருப்பது ஒன்றுதான், 2012 விளையாட்டு விழாவில் அணிவகுப்புக்கு முன்னால் நான் நடந்துபோவது. பின்னால் வரும் பிள்ளைகள் எல்லோரும் கால் சரியாகப் போடுகிறார்கள், முன்னால் போகிற மாஸ்டர்தான் நொண்டுகிறார். அன்றைக்கு ஒருத்தரும் என்னிடம் சொல்லவில்லை.