இறகு உதிர்ந்து நிற்கும் பென்குயினுக்கு உதவலாமா?

கேள்வி: டிசம்பரில் குழந்தைகளோடு கேப்டவுன் போகிறோம். போன வருஷம் போய்வந்த என் தங்கை, போல்டர்ஸ் கடற்கரையில் ஒரு பென்குயின் இறகெல்லாம் பிய்ந்து பாறையோரம் அசையாமல் நின்றதாகச் சொன்னாள். அப்படி ஒன்றைப் பார்த்தால் மீன் போடலாமா, தண்ணீர்ப் பக்கம் விரட்டிவிடலாமா?

இரண்டுமே வேண்டாம். உங்கள் தங்கை பார்த்தது பெரும்பாலும் நோயாக இருக்காது, அது இறகு மாற்றும் காலம். பெரும்பாலான பறவைகள் ஒன்றிரண்டாக இறகை உதிர்க்கும். பென்குயின் மொத்தத்தையும் ஒரே மூச்சில் மாற்றிக்கொள்ளும், புது இறகு அடியிலிருந்து முளைத்துப் பழசைத் தள்ள, கிழிந்த தலையணை மாதிரி ஆகிவிடும். இது நடக்கும் சுமார் மூன்று வாரமும் உடம்பில் நீர் புகாத உறை கிடையாது. அப்போது கடலில் இறங்கினால் குளிரில் விறைத்துப்போகும். அதனால்தான் முன்கூட்டியே மத்தி, நெத்திலி என்று தின்று கொழுத்துவிட்டு, கரையில் பட்டினியாக நிற்கிறது. நீங்கள் கிட்டப் போனால் பயந்து ஓடும், சேர்த்துவைத்த கொழுப்பு வீணாகும். டிசம்பரில் இப்படி நிறையப் பேரைப் பார்ப்பீர்கள்.

குழந்தைகளிடம் கண்ணுக்கு மேலே இருக்கும் ரோஸ் நிறத் திட்டைக் காட்டுங்கள். அங்கே இறகு கிடையாது. வெயில் ஏற ஏற ரத்தம் அங்கே பாய்ந்து சூட்டை வெளியே விடும், திட்டு இன்னும் சிவக்கும். குளிர்ந்த நீருக்காக நெருக்கமாக இறகு போர்த்திய பறவை ஆப்பிரிக்க வெயிலையும் தாங்க இதுவும் ஒரு வழி. முன்பு தீவுகளில் எச்சம் கெட்டியாகிக் கிடந்த படிவத்தில் வளை தோண்டி நிழலில் முட்டையிட்டன. உரத்துக்காக மனிதர்கள் அதைச் சுரண்டி எடுத்துவிட்டதால் பல ஜோடிகள் இப்போது திறந்த வெயிலில் அடைகாக்கின்றன. எனக்கு இதுதான் மிகவும் வருத்தம். மீனும் குறைந்துவிட்டது. 2024-இல் ஆப்பிரிக்கப் பென்குயின் எனப்படும் இந்த இனத்தை மிக அருகிவிட்ட இனமாக அறிவித்தார்கள், 10,000 ஜோடிகூட மிச்சமில்லை.

சரி, எப்போது உதவி தேவை? உடம்பில் எண்ணெய்க் கறை, ரத்தம், தூண்டில் முள் தெரிந்தால் பூங்கா ஊழியரிடம் சொல்லுங்கள். நீங்களாகத் தூக்காதீர்கள், அலகு சதையைக் கிழித்துவிடும். அப்புறம், கிளம்பும்போது காருக்கு அடியில் குனிந்து பாருங்கள். நிழல் தேடி அங்கே போய் உட்கார்ந்திருக்கும் என்பதால் அங்கே அதற்கென்று அறிவிப்புப் பலகையே வைத்திருக்கிறார்கள்.