உப்புக்காற்றுக்குத் தாங்கும் பாத்திரம் எது? அடுப்படிச் சாமான்கள் கேள்வி பதில்

இந்த முறை வந்தவை எல்லாமே சமையல் சாமான், தட்டு, டம்ளர் பற்றிய கேள்விகள். ராமநாதபுரத்தில் பாத்திர வியாபாரம் செய்கிறவன் என்பதால் பதில் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. புதுசாக எது வந்தாலும் நான் பார்ப்பது இரண்டுதான். ஈரக்கையில் வழுக்காமல் நிற்கிறதா? இடுக்கு விடாமல் கழுவ முடிகிறதா? தினமும் மீன் புழங்கும் வீட்டில் இந்த இரண்டும் இல்லாத சாமான் ஒரு மாதத்தில் பரணுக்குப் போய்விடும்.

அண்ணே, பொங்கலுக்கு வாங்கிய எவர்சில்வர் பானை. அடியில் புள்ளி புள்ளியாகத் துரு. துருவே பிடிக்காது என்று சொல்லித்தானே கொடுத்தார்கள்? (பாம்பன்)

பிடிக்கவே பிடிக்காது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள், அக்கா. 1913-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி குரோமியம் கலந்து செய்த எஃகுதான் நம் எவர்சில்வருக்கு முன்னோடி. குரோமியம் காற்றோடு சேர்ந்து மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் போடும். இரும்பைக் காப்பது அந்தப் படலம்தான். உப்பில் இருக்கிற குளோரைடு அதை ஊசி குத்தினமாதிரி துளைத்துவிடும். பாம்பனில் காற்றிலேயே உப்பு இருக்கிறதே!

கிரேடும் முக்கியம், அதாவது ஸ்டீலில் என்ன உலோகம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று சொல்லும் எண். 304 என்றால் ஏறத்தாழ 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். 202-ல் நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்திருப்பார்கள். விலை மலிவு, கடற்கரைக்கு அவ்வளவாகத் தாங்காது. 316-ல் மாலிப்டினம் இருப்பதால் உப்பை நன்றாகத் தாங்கும், ஆனால் விலை கடிக்கும். காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல ஸ்டீல் என்று ஒரு பேச்சு உண்டு. 202-லும் காந்தம் ஒட்டாதே! பில்லில் கிரேடை எழுதி வாங்குங்கள்.

அப்புறம், உலை கொதிக்கும் முன்பே உப்பை அள்ளிப் போட்டால் அது கரையாமல் அடியில் குவிந்து கிடக்கும். உங்கள் பானையில் அடியில் மட்டும் புள்ளி இருப்பதைப் பார்த்தால் காரணம் அதுவாகத்தான் இருக்கும். கொதி வந்தபின் போட்டுக் கிளறிவிடுங்கள். இரும்பு நார் போட்டுத் தேய்க்காதீர்கள். அதன் துகள் பானையில் ஒட்டிக்கொண்டு, பிறகு அதுவே துருப்பிடிக்கும்.

அம்மாவுக்கு விரல் மூட்டில் வலி. காய் சீவ, மீன் அரிய முடியவில்லை. கைக்கு இதமான சாமான் ஏதாவது வந்திருக்கிறதா அண்ணே? (தங்கச்சிமடம்)

வந்திருக்கிறது தம்பி. அது பிறந்ததே இதே பிரச்சினையில்தான். அமெரிக்காவில் சாம் ஃபார்பர் என்று ஒருவர், வீட்டுச் சாமான் தொழிலில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி பெட்சிக்கு மூட்டுவாதம். தோல் சீவியைப் பிடிக்கவே அவர் கஷ்டப்படுவதைப் பார்த்துத்தான் ஃபார்பர் மறுபடி களத்தில் இறங்கினார். 1990-ல் ஆக்ஸோ என்ற பெயரில் தடித்த ரப்பர் பிடி போட்ட சாமான்கள் கடைக்கு வந்தன. பிடி குண்டாக, முட்டை வடிவில் இருப்பதால் விரலை இறுக்கி மடக்க வேண்டாம். பெருவிரல் படும் இடத்தில் மெல்லிய வரிகள் இருப்பதால் ஈரத்திலும் வழுக்காது. வலி இருக்கிறவருக்காகச் செய்தது, வலி இல்லாதவருக்கும் பிடித்துப்போய்விட்டது.

செலவு வேண்டாம் என்றால் சைக்கிள் கைப்பிடி ரப்பரைக் கரண்டிக் காம்பில் ஏற்றிப் பாருங்கள். உள்ளே தண்ணீர் தங்கும், அடிக்கடி கழற்றிக் கழுவ வேண்டும்.

மீனுக்கு அரிவாள்மனையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கத்தியில் மணிக்கட்டு அழுத்த வேண்டும். அரிவாள்மனையில் அலகு சும்மா நிற்கிறது, இரண்டு கையாலும் மீனைப் பிடித்துத் தள்ளினால் போதும். விரல் வலிக்கு அதுதான் நல்லது. தரையில் உட்காருவதுதான் சிரமம் என்றால், கட்டையைச் சமையல் மேடையில் வைத்து இரண்டு கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். காலால் அழுத்திப் பிடித்த வேலையை இனி கிளாம்ப் செய்யும். கொஞ்சம் ஆடினாலும் பயன்படுத்த வேண்டாம்.

காக்கா, எண்ணெய்க் குடுவை எதை வாங்கினாலும் ஊற்றி முடித்ததும் வெளிப்பக்கமாக வழிகிறது. வடியாத குடுவை உண்டா? (கீழக்கரை. அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள்)

உண்டு. மூக்கின் விளிம்பைத் தடவிப் பாருங்கள். உருண்டையாக, மொழுமொழு என்று இருந்தால் வழியும். மெதுவாக ஊற்றும்போது எண்ணெய் அந்த வளைவை ஒட்டிக்கொண்டே திரும்பிக் கீழே இறங்கும். விளிம்பு கூர்மையாக இருந்தால் ஒட்ட இடமில்லாமல் அறுந்து விழும். ஜப்பானில் கென்ஜி எக்குவான் 1961-ல் கிக்கோமன் கம்பெனியின் சோயா சாஸுக்குச் செய்த சிவப்பு மூடிக் குப்பி இந்த வழிசலை நிறுத்தியதால்தான் பேர் வாங்கியது. மூக்கின் நுனியை உள்பக்கமாகச் சரித்து வெட்டியிருப்பார்கள். கடையில் தண்ணீர் ஊற்றிக் காட்டச் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டாம்.

மகள் குழி குழியாகப் பிரித்த தட்டுதான் வேண்டும் என்கிறாள். வாங்கலாமா? (இதுவும் கீழக்கரை)

வாங்குங்கள் லாத்தா. குழியின் மூலையில் விரல் நுனி வளைந்து போகிறதா என்று மட்டும் பாருங்கள். நறுக்கென்று மடிந்த மூலை என்றால் குழம்பு காய்ந்து ஒட்டும். விருந்துக்கு இது உதவாது. உங்கள் ஊர் சஹனில், அந்தப் பெரிய பொதுத் தட்டில், நாலு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவதை எந்தத் தட்டும் தோற்கடிக்கவில்லை!

மீன் குழம்பு மண்சட்டி, இண்டக்‌ஷன் அடுப்பில் ஏறுமா? (தேவிபட்டினம்)

ஏறாது. அந்த அடுப்பு காந்தம் ஒட்டும் பாத்திரத்தைத்தான் சூடாக்கும். இடையில் இரும்புத் தட்டு வைக்கலாம், ஆனால் கரண்டு வீணாகும். கேஸ் அடுப்பே போதும்.

பாலிடெக்னிக் படிக்கிறேன். நம் ஊர்ப் பொருளில் புது வடிவப் பாத்திரம் செய்து புராஜெக்ட் வைக்க ஆசை. எங்கே தொடங்குவது? (மண்டபம்)

சொம்பில் தொடங்குங்கள். இந்திய அரசு அழைத்து இங்கே வந்த அமெரிக்க வடிவமைப்பாளர்கள் சார்லஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும் 1958-ல் கொடுத்த அறிக்கையில் அதிகம் வியந்தது சொம்பைத்தான். எவ்வளவு தண்ணீர் கொள்ளும், இடுப்பில் எப்படி உட்காரும், உள்ளே கைவிட்டுக் கழுவ வாய் போதுமா, இன்னொரு பாத்திரத்தில் இடித்தால் என்ன சத்தம் வரும் என்று வரிசையாகக் கேட்டிருப்பார்கள். அந்த அறிக்கையைத் தொடர்ந்து 1961-ல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் வந்தது.

அதே கேள்விகளைப் பதநீர் குடிக்கும் ஓலைப் பட்டையிடம் கேளுங்கள். ஓலையில் இயல்பாகவே மடிப்பு இருக்கிறது. அதை விரித்து முனையைச் சேர்த்துக் கட்டினால் நடுவில் தோணி மாதிரிக் குழி விழும். பசை இல்லை, தையல் இல்லை. மடிப்பு ஒவ்வொன்றும் விறைப்பாக நிற்பதால் பதநீரின் பாரத்துக்கு வளையாது. குடித்து முடித்தால் ஆட்டுக்குப் போடலாம். அதன் குறையும் தெரிந்ததுதான்: கையை விட்டுக் கீழே வைத்தால் சாய்ந்துவிடும், காய்ந்தால் மடிப்பிலேயே கிழியும். தானாக நிற்கிற மாதிரி ஒரு பட்டை மடித்துக்கொண்டு கடைக்கு வாருங்கள். சூடான குழம்பை ஊற்றிப் பார்த்துவிடுவோம்.