ஃபர்னஸ் சர்வீஸ்: மாதக் கட்டணமா, வருடத்துக்கு ஒரு தடவையா?

கேள்வி: வணக்கம் ஐயா. கனடாவில், ஸ்காபரோவில் சொந்த வீட்டில் இருக்கிறோம். வீட்டைச் சூடாக்கும் காஸ் ஃபர்னஸுக்கு 11 வயது. ஓடிக்கொண்டுதானே இருக்கிறது என்று இதுவரை ஒருவரையும் கூப்பிட்டுக் காட்டவில்லை. போன கிழமை ஒரு நிறுவனத்தார் போன் எடுத்து, மாதம் 19.99 டொலர் கட்டினால் வருடத்துக்கு ஒரு சர்வீஸும், பழுதானால் திருத்தமும் இலவசம் என்றார்கள். தெரிந்த ஒருவர் 150 டொலருக்கு ஒரு தடவை சர்வீஸ் செய்து தருகிறாராம். மோட்கேஜ் புதுப்பித்ததில் தவணை கூடிவிட்டது. நிலவறையில் ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. இந்தச் செலவு இப்போது தேவைதானா? எது லாபம்?

பதில்: தேவைதான். 150 டொலர் சர்வீஸைச் செய்யுங்கள், குளிர் இறுகுவதற்கு முன்னரே. மாதத் திட்டம் உங்களுக்கு வேண்டாம் என்பது என் கருத்து.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 19.99 டொலர் 12 மாதத்துக்கு 239.88. அதற்கு 13 சதவீத விற்பனை வரி (எச்.எஸ்.டி.) சேர்த்தால் 271 டொலர். 150 டொலர் சர்வீஸ் வரியோடு 169.50. வருடத்துக்கு 100 டொலருக்கு மேல் வித்தியாசம். அந்த 100 டொலரில் நீங்கள் வாங்குவது “இலவசத் திருத்தம்” என்ற வாக்குறுதியை. அதில் எதெல்லாம் அடங்குகிறது என்று ஒப்பந்தத்தை வரவழைத்து வாசியுங்கள். இப்படிப்பட்ட ஒப்பந்தங்கள் பலவற்றில் சில பாகங்கள்தான் அடங்கும், வருடத்துக்கு இவ்வளவுதான் என்று ஒரு எல்லையும் இருக்கும். நெருப்பின் சூட்டை வீட்டுக் காற்றுக்கு மாற்றும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் போன்ற விலை கூடிய பாகத்தை வெளியே விட்டிருப்பார்கள். 11 வயது ஃபர்னஸில் பெரிய பாகம் போனால் திருத்துவதைவிடப் புதிது வாங்குவதுதான் பெரும்பாலும் புத்தி. அந்தக் காசை எந்தத் திட்டமும் தராது. நடுராத்திரியில் ஃபர்னஸ் நின்றால் கையில் 500, 600 டொலர் புரட்டவே முடியாது என்ற நிலை என்றால் மட்டும் மாதத் திட்டத்தை யோசிக்கலாம்.

சர்வீஸையே விட்டுவிட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். நானும் சில வருடங்கள் கவனிக்காமல் விட்டவன்தான். ஒரு ஜனவரி இரவு ஃபர்னஸ் பற்றுவதும் சில நொடிகளில் அணைவதுமாக இருந்தது. பிள்ளைகளை ஜாக்கெட்டோடு படுக்கவைத்துவிட்டு அவசர அழைப்புக்கு ஆள் பிடித்தேன். ஃபிளேம் சென்சர் என்ற மெல்லிய கம்பியில் படிவு பிடித்திருந்தது. நெருப்பு எரிவது அதற்குத் தெரியாவிட்டால் ஃபர்னஸ் பாதுகாப்புக்காக காஸை நிறுத்திவிடும். அவர் அதைக் கழற்றித் தேய்த்துப் பூட்டப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. வருடாந்த சர்வீஸில் வழக்கமாகச் செய்கிற வேலை அது. இரவு நேரக் கட்டணத்தோடு நான் கொடுத்தது இரண்டு சர்வீஸின் காசு.

வேலை செய்பவர் ஒன்ராறியோவின் தொழில்நுட்பப் பாதுகாப்பு அமைப்பான டி.எஸ்.எஸ்.ஏ.யில் பதிவான ஒப்பந்தக்காரரா, காஸ் டெக்னீஷியன் சான்றிதழ் உள்ளவரா என்று கட்டாயம் கேளுங்கள். தெரிந்தவர் என்பதற்காக இதைக் கேட்காமல் விடாதீர்கள். பர்னர், இக்னைட்டர், தண்ணீர் வடியும் குழாய், காற்றாடி, ஹீட் எக்ஸ்சேஞ்சரில் வெடிப்பு (விரிசல்), காபன் மொனொக்சைட்டு என்ற நச்சு வாயுவின் அளவு எல்லாவற்றையும் பார்த்து எழுதித் தரச் சொல்லுங்கள். வெடிப்பு இருக்கிறது, உடனே மாற்ற வேண்டும் என்று சொன்னால் ஃபர்னஸை நிறுத்திவைத்துவிட்டு, படம் எடுத்துக் காட்டச் சொல்லி, இரண்டாவது ஆளிடமும் காட்டுங்கள். ஃபில்டர் மாற்றுவதற்கு ஒருவருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை. 1 அங்குல ஃபில்டரை ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்குள், 4, 5 அங்குலத் தடிப்பானதை ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் நீங்களே மாற்றலாம். அடைத்துப்போன ஃபில்டரோடு ஓடினால் ஃபர்னஸ் சூடேறிச் சூடேறி, அந்த ஹீட் எக்ஸ்சேஞ்சரிலேயே விரிசல் விழலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஃபர்னஸ் இருப்பது பெரும்பாலும் நிலவறையில், அதன் பக்கத்தில் படுப்பது உங்களை நம்பி வந்த ஒரு குடும்பம். காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. படுக்கையறைகளுக்கு அருகே அதைக் கண்டறியும் அலாரம் வைக்க வேண்டும் என்பது ஒன்ராறியோவில் சட்டம். சர்வீஸ் செலவை யோசிக்கும்போது இதை லாப நட்டக் கணக்கோடு சேர்க்காதீர்கள்.

வாடகை வருமானம் இருப்பதால் ஒரு சின்ன ஆறுதலும் உண்டு. சர்வீஸ் காசில் வாடகைப் பகுதிக்கு உரிய பங்கை வாடகை வருமானத்துக்கான டி776 வரிப் படிவத்தில் செலவாகக் காட்டலாம். நிலவறை வீட்டுப் பரப்பில் 40 சதவீதம் என்றால் 169.50இல் 67.80 டொலர். பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். புது ஃபர்னஸ் என்றால் அது மூலதனச் செலவு. அதற்குத் தேய்மானம் கழித்தால் வீடு விற்கும்போது குடியிருக்கும் வீட்டுக்கான வரிவிலக்கு பாதிக்கப்படலாம், ஆகவே கணக்காளரைக் கேட்காமல் கழிக்காதீர்கள்.

அப்புறம், மாதத் திட்டத்தில் சேராததால் வருடத்துக்கு மிஞ்சும் அந்த 100 டொலர். அதைப் புது ஃபர்னஸுக்கான சேமிப்பின் தொடக்கமாக வையுங்கள். நல்ல பராமரிப்போடு ஒரு ஃபர்னஸ் 15 முதல் 20 வருடம் ஓடும். உங்களுடையதற்கு இன்னும் ஐந்து வருடம் என்று வையுங்கள். புதியதற்கு 6,000 டொலர் என்று கணக்கிட்டால் மாதம் 100 டொலர் ஒதுக்க வேண்டும். தவணை நெருக்கத்தில் முடியாவிட்டால் 50இல் தொடங்குங்கள். வரியில்லாச் சேமிப்புக் கணக்கான டி.எஃப்.எஸ்.ஏ.யில் போட்டால் வட்டிக்கு வரி இல்லை, எடுத்த தொகையைத் திரும்பப் போடுவதற்கான இடமும் அடுத்த ஜனவரியில் திரும்பக் கிடைக்கும். கையில் காசில்லாமல் குளிரில் மாட்டிக்கொண்டவர்கள்தான் வருடக்கணக்கான வாடகை ஃபர்னஸ் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கிறார்கள். வீட்டு வாசலுக்கு வந்து ஃபர்னஸ் விற்பதை ஒன்ராறியோ 2018 மார்ச்சிலேயே தடை செய்துவிட்டது, ஆகவே யாராவது கதவைத் தட்டினால் மின்சார பில்லையோ காஸ் பில்லையோ காட்ட வேண்டாம். உங்களுக்குப் போன் எடுத்தவர்களுக்கும், எழுத்தில் அனுப்பினால் வாசித்துவிட்டுச் சொல்கிறேன் என்ற ஒரு பதிலே போதும்.