விந்து கெட்டியாக இருப்பதால் விந்தணு நகரவில்லையா?

கேள்வி: வயது 33. மணமாகி இரண்டு ஆண்டுகள். பரிசோதனையில் விந்தணு எண்ணிக்கை சரி, நகர்பவை 0%. 'பிசுபிசுப்பு அதிகம்' என்றும் எழுதியிருக்கிறார்கள். அணுக்கள் கெட்டியில் சிக்கிக்கொண்டதாக யூடியூபில் சொன்னதால் லேகியம் சாப்பிடுகிறேன். கைப்பழக்கம் காரணமா? சிறுவயதிலிருந்தே சைனஸ், தினமும் சளி. எனக்குக் குழந்தை பிறக்குமா?

பதில்: கைப்பழக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. லேகியத்தை இன்றே நிறுத்துங்கள்.

விந்தணுவின் நீளம் சுமார் 0.05 மில்லிமீட்டர். அந்த அளவில் தண்ணீரே தேன் மாதிரிதான். வால் நின்றால் அணுவும் அந்தக் கணமே நின்றுவிடும். விறைப்பான வால் ஒரே பாதையில் போய்த் திரும்பினால், முன்னே போன தூரமெல்லாம் பின்னே வந்துவிடும் என்று 1977-இல் இயற்பியலாளர் பர்செல் விளக்கினார். வால் வளைவதால்தான் அணு முன்னேறுகிறது: அந்த வளைவு கழுத்திலிருந்து நுனிவரை அலையாக ஓடித் திரவத்தைப் பின்னே தள்ளுகிறது. கருப்பைவாயின் கெட்டியான சளியில்கூட வாலின் வீச்சு குறுகி, அணு நேராக நீந்திப் போகிறது. ஆகவே பிசுபிசுப்பு வேகத்தைக் குறைக்கலாம். ஓர் அணுகூட அசையாததற்கு அதைக் காரணம் சொல்ல முடியாது.

நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் எழுதிய சளிதான் எனக்கு முக்கியம். வாலை வளைப்பவை டைனீன் என்ற புரத மோட்டார்கள். மூச்சுக்குழாயில் சளியைத் தள்ளி வெளியேற்றும் நுண்ணிழைகளையும் அவையே அசைக்கின்றன. பிறவியிலேயே அவற்றில் குறை இருந்தால் இரண்டும் சேர்ந்து முடங்கும். கவனிக்காமல் விட்டால் நுரையீரல் கெடும். குழந்தைப் பேச்சு ஒருபுறம் இருக்கட்டும், இந்த வாரமே நுரையீரல் மருத்துவரைப் பாருங்கள். பழைய மார்பு எக்ஸ்ரே இருந்தால் கொண்டுபோங்கள். இந்தக் குறை உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இதயம் வலப்பக்கம் இருக்கும்.

விந்துப் பரிசோதனையை இன்னொரு முறை செய்யுங்கள். ஆணுறையிலோ எண்ணெய் தொட்டோ எடுக்காதீர்கள்; மாதிரி ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும். அசையாத அணுக்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று சாயமிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். யூடியூப்காரர் இதை உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார். உயிரோடு இருந்தால், ஓர் அணுவை நேரே கருமுட்டைக்குள் செலுத்தும் 'இக்சி' முறையில் நீங்கள் தந்தையாக நல்ல வாய்ப்பு உண்டு. 1992 முதல் அப்படிக் குழந்தைகள் பிறந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

உங்கள் பெற்றோர் சொந்தத்தில் மணந்தவர்களா? மனைவியும் உறவுப் பெண்ணா? ஆம் என்றால், இக்சிக்கு முன்பே இருவரும் மரபணு ஆலோசனை பெறுங்கள்.