ஒரே துப்பாக்கியில் ஒரு வகைத் தோட்டா தவறாமல் வெடிக்கிறது, இன்னொரு வகை மட்டும் அடிக்கடி ஏமாற்றுகிறது. தோட்டாவின் பின்முனையிலிருந்து வெடிமருந்தைப் பற்றவைக்கும் பிரைமர்தான் காரணமா?

உங்கள் 12 போர் (குழல் விட்ட அளவு) மேல்-கீழ் இரட்டைக்குழல் துப்பாக்கியில் ஒரு நிறுவனத்தின் ரவைத் தோட்டா ஒழுங்காக வெடிப்பதாகவும், விலை குறைந்த மற்றொன்று பெட்டிக்கு இரண்டு மூன்று வெடிக்காமல் போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நெடுநாளாக டிராப் போட்டியில் பறக்கும் களிமண் தட்டுகளைச் சுட்டு வருபவன் என்ற முறையில் என் கருத்தைச் சொல்கிறேன். பிரைமர்களுக்கிடையே வேறுபாடு இருப்பது உண்மைதான்; ஆனால் துப்பாக்கியின் தளர்ந்த அடியை எது எவ்வளவு பொறுத்துக்கொள்கிறது என்பதில்தான் அந்த வேறுபாடு பெரும்பாலும் வெளிப்படுகிறது. ஆகவே தோட்டாவைக் குறை சொல்வதற்கு முன், அதன் பின்முனையில் துப்பாக்கியின் ஊசி பதித்த குழியைப் பாருங்கள்.

இன்றைய ரவைத் தோட்டாக்களில் இருப்பது பெரும்பாலும் 209 என்ற அளவுடைய பிரைமர். அதன் மெல்லிய உலோகக் கிண்ணத்தை ஃபயரிங் பின் என்னும் ஊசி நசுக்கும்போது, கிண்ணத்துக்கும் அதனுள்ளே நிற்கும் சிறு பட்டடைக்கும் இடையில் அகப்பட்ட வெடிகலவை தீப்பற்றி, துளை வழியே வெடிமருந்துக்குச் சுடரை அனுப்புகிறது. கிண்ணத்தின் தடிமனும் கடினமும், கலவையின் உணர்திறனும், பிரைமர் எவ்வளவு ஆழத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதும் சேர்ந்தே, அது பற்றிக்கொள்ள எவ்வளவு வலுவான அடி தேவை என்பதை முடிவு செய்கின்றன. தயாரிப்பாளர்கள் ஓர் இரும்புக் குண்டைப் பல உயரங்களிலிருந்து ஊசியின் மேல் விழவிட்டு, எந்த உயரத்தில் எல்லாம் வெடிக்கின்றன, எந்த உயரத்தில் ஒன்றுகூட வெடிப்பதில்லை என்று ஒவ்வொரு தொகுதியிலும் சோதிக்கிறார்கள். இந்த இரண்டு உயரங்களுக்கும் நடுவில் இருக்கும் பகுதியில்தான் உங்கள் சிக்கல் பிறக்கிறது. கைதவறி விழுந்தால் வெடிக்காத அளவுக்குப் பிரைமர் மந்தமாகவும் இருக்க வேண்டும் என்பதால், இந்தப் பகுதியை முழுவதும் ஒழித்துவிட முடியாது. துப்பாக்கியின் அடி வலுவாக இருந்தால் மென்மையான கிண்ணமும் கடினமான கிண்ணமும் ஒன்றுபோல் வெடிக்கும்; ஸ்பிரிங் தளர்ந்த துப்பாக்கியில்தான் கடினமானது தன் குணத்தைக் காட்டும்.

குழி ஆழமாகவும் நடுவிலும் விழுந்திருந்தும் வெடிக்கவில்லை என்றால், தோட்டாவைச் சந்தேகிப்பது நியாயம். குழி மேலோட்டமாகவோ ஓரமாகவோ இருந்தால் துப்பாக்கியைச் சந்தேகியுங்கள். மேல்-கீழ்க் குழல்களில் ஊசிகள் சற்றுச் சாய்ந்தே நிற்பதால், வெடிக்காதவை எல்லாம் ஒரே குழலைச் சேர்ந்தவையா என்று குறித்து வைப்பது மிகவும் பயன்படும். அப்படியானால் விடை ஏறக்குறைய கிடைத்துவிட்டது, ஏனெனில் தோட்டாவுக்குக் குழல் எது என்று தெரியாது. சுருள் ஸ்பிரிங் உடைந்த பிறகும், ஊசியை அடிக்கும் சுத்தியலை ஓரளவு தள்ளிக்கொண்டே இருக்கும் என்பதால், பழுது வெளியே தெரியாமல், மென்மையான பிரைமர்களில் மறைந்து கிடப்பது வழக்கம். ஊசி ஓடும் துளையில் கெட்டிப்பட்ட கிரீஸும் இதே விளைவைத் தரும்.

தோட்டாவின் பக்கமும் குற்றங்கள் உண்டு. பிரைமர் விளிம்புமட்டத்துக்குக் கீழே அமிழ்ந்திருந்தால் ஊசி முழுவதும் எட்டாது. மேலே துருத்தியிருந்தால் முதல் அடியின் வலு அதை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகி, இரண்டாவது அடியில்தான் வெடிக்கும். தோட்டாவின் விளிம்பு மெல்லியதாக இருந்து, சேம்பரில் (குழலில் தோட்டா உட்காரும் அறை) அதற்கான பள்ளம் ஆழமாக இருந்தால், தோட்டா முன்னே நகர்ந்து அடியின் வேகத்தை வாங்கிக்கொள்ளும். நம் நாட்டில் உரிமத்தில் குறித்த எண்ணிக்கைக்குள்தான் தோட்டா வாங்க முடியும் என்பதால், கிராமத்து வீடுகளில் பல ஆண்டுப் பழைய தோட்டாக்களைச் சேமித்து வைத்திருப்பார்கள். ஈரமும் வெப்பமும் பட்டு அடித்தகடு துருப்பிடித்தவற்றை வைத்து எந்த நிறுவனத்தின் தரத்தையும் எடைபோடாதீர்கள்.

எளிதில் பற்றுவதும் வலுவாக எரிவதும் வெவ்வேறு குணங்கள் என்பதையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அமெரிக்காவின் ஃபெடரல் 209ஏ வலுவான சுடருக்குப் பெயர்பெற்றது. தோட்டாவைத் தாமே மறுநிரப்பும் வழக்கமுள்ள நாடுகளில், ஒரு பிரைமருக்குச் சொன்ன மருந்தளவில் வேறொன்றைப் பொருத்தினால் அழுத்தம் எல்லை மீறலாம் என்று கையேடுகள் எச்சரிப்பது இதனால்தான். மிஸ்ஃபயருக்கு, அதாவது தோட்டா வெடிக்காமல் போவதற்கு, தீர்வாக வலுவான பிரைமரைத் தேடுவது பொருந்தாது.

வெடிக்காத தருணத்தில் என்ன செய்கிறீர்கள் என்பதை நீங்கள் எழுதவில்லை. குழலைப் பாதுகாப்பான திசையிலேயே வைத்து, திறக்காமல் குறைந்தது 30 விநாடி காத்திருங்கள். அரிதாக, மருந்து தாமதித்துப் பற்றுவதுண்டு. சர்வதேசப் போட்டி விதியும், நடுவர் வந்து பார்க்கும்வரை துப்பாக்கியைத் திறக்கவோ சேஃப்டியைத் தொடவோ கூடாது என்கிறது. மீறினால் மறு இலக்கு கிடைக்காது. வெடிக்காத தோட்டாவைப் பிரித்துப் பார்க்கவும் வேண்டாம். வழக்கத்தைவிட மெலிந்த சத்தம் கேட்டால் உடனே நிறுத்திவிட்டு, வாட் (மருந்துக்கும் ரவைக்கும் இடையிலுள்ள அடைப்பு) குழலுக்குள் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். அதன்மேல் அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் கிழியும். அளவில் சிறிய 20 போர் தோட்டா தவறுதலாக 12 போர் குழலில் நுழைந்து முன்னே சிக்கிக்கொண்டாலும், ஊசி வெறுமனே தட்டும் சத்தம்தான் கேட்கும். மிஸ்ஃபயர் என்று நினைத்து அதன் பின்னால் 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டவர்கள் விரல்களை இழந்திருக்கிறார்கள். 20 போர் தோட்டாக்களுக்கு மஞ்சள் நிறம் கொடுப்பது இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான்.

உங்கள் நிலையில் நான் முதலில் செய்வது, அந்த மலிவான பெட்டியின் மிச்சத் தோட்டாக்களை ஸ்பிரிங் நன்றாக உள்ள வேறொரு துப்பாக்கியில் அதன் உரிமையாளரைக் கொண்டே சுடச்செய்து பார்ப்பது. அங்கே எல்லாம் வெடித்தால், உரிமம் பெற்ற பழுதுநரிடம் இரண்டு சுத்தியல் ஸ்பிரிங்குகளையும் ஊசிகளையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். அங்கேயும் வெடிக்காவிட்டால், பெட்டியில் அச்சிட்ட தொகுதி எண்ணைக் குறித்துக்கொண்டு, வாங்கிய கடையில் திருப்பிக் கொடுங்கள்.