வேலை நேரத்தை எப்போது கேட்பது?

கேள்வி: பி.காம். முடித்து ஏழு வருஷம் அக்கவுண்ட்ஸில் இருந்தேன். மகள் பிறந்ததும் வேலையை விட்டேன். அவள் இப்போது யு.கே.ஜி. கிண்டியில் ஒரு கம்பெனியில் முதல் ரவுண்டு முடிந்து, அடுத்த வாரம் எச்.ஆர். கூப்பிட்டிருக்கிறார்கள். வேலை நேரம் 9.30 முதல் 6.30. இங்கே டே கேரை 6.30-க்கு மூடிவிடுவார்கள். காலையில் கணவர் பார்த்துக்கொள்வார், மாலைதான் பிரச்னை. நேரத்தை மாற்றிக் கேட்டால் வேலையே போய்விடுமோ? சேர்ந்த பிறகு கேட்கலாமா?
- ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: அன்புத் தோழிக்கு,

சேர்ந்த பிறகு கேட்கலாம் என்ற எண்ணத்தை மட்டும் விட்டுவிடுங்கள். சேர்ந்த முதல் வாரமே 5.30-க்குப் பையைத் தூக்கினால் எல்லார் கண்ணும் உங்கள் மேல்தான் இருக்கும். சம்பளம் பேசும்போதே இதையும் பேசிவிடுங்கள். அதற்குள் உங்களை அவர்களுக்குப் பிடித்திருக்கும். நீங்களும் இன்னும் 'சரி' சொல்லியிருக்க மாட்டீர்கள்.

"பிளெக்ஸிபிள் டைமிங் உண்டா?" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்க வேண்டாம். இஷ்டத்துக்கு வந்து போகிறவர் என்று நினைத்துவிடுவார்கள். கணக்கர் நீங்கள், கணக்காகவே சொல்லுங்கள்: "காலை 8.30-க்கு வந்து 5.30-க்குக் கிளம்புகிறேன் சார், அதே ஒன்பது மணி நேரம். டி.டி.எஸ். கட்டுகிற 7-ஆம் தேதி, ஜி.எஸ்.டி.ஆர்.-1 போடுகிற 11, 3பி போடுகிற 20, இந்த மூன்று நாளும் வேலை முடியும்வரை இருப்பேன்." அக்கவுண்ட்ஸ் ஹெட் கூட இருந்தால் இந்தக் கடைசி வரிக்கே பாதி இறங்கிவிடுவார். வரி கட்டவும் ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல் செய்யவும் கெடு முடிகிற நாட்கள் அவை; அவர் பயமெல்லாம் அவற்றைப் பற்றித்தான். ஆனால் சொல்வதற்கு முன்னால், அந்த மூன்று மாலையும் குழந்தையை யார் கூட்டி வருவது என்று வீட்டில் பேசி முடித்துவிடுங்கள். காலையைப் பார்த்துக்கொள்ளும் கணவர் மாதத்தில் மூன்று மாலையும் பார்த்துக்கொள்ளட்டும். அதற்கு அவரும் தன் ஆபீஸில் கேட்க வேண்டியிருந்தால் கேட்கட்டும். அவருக்கும் மகள்தானே!

குழந்தை இருப்பதை மறைக்காதீர்கள். அதற்காக மன்னிப்புக் கேட்கிற குரலிலும் பேசாதீர்கள்.

அவர்கள் ஒப்புக்கொண்டால், அன்றைக்கே ஒரு மெயில் போட்டுவிடுங்கள்: "நாம் பேசியபடி என் வேலை நேரம் 8.30 முதல் 5.30." ஆஃபர் லெட்டரிலும் அது வரவேண்டும். நான் இதில் அடிபட்டவள். "அதெல்லாம் பார்த்துக்கலாம்மா" என்ற மேனேஜரின் வாய்வார்த்தையை நம்பிச் சேர்ந்தேன். நான்கே மாதத்தில் அவர் மாறிப்போனார்; புதிதாக வந்தவர் "எங்கே எழுதியிருக்கிறது?" என்றார். என்னிடம் காட்ட ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. என் பையன் மாலை ஏழு மணி வரை டே கேர் ஆயாவோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்ததை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

நேரத்தைத் தளர்த்தித்தான் ஆகவேண்டும் என்று தனியார் கம்பெனியைக் கட்டாயப்படுத்தும் பொதுவான சட்டம் நம் நாட்டில் இல்லை. அதனால் பேசித்தான் வாங்கவேண்டும். ஆனால் 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பக வசதி வேண்டும் என்பது, மகப்பேறு சட்டத்தில் 2017-இல் கொண்டுவந்த திருத்தத்தால் கட்டாயமானது. தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்த்து வரலாம். மின்சார ரயில் கூட்டத்தில் மகளைக் கிண்டி வரை இழுத்துப்போக உங்களுக்கு மனம் வராது, தெரியும். இருந்தாலும் கேட்டுவையுங்கள். அவர்கள் பதில் சொல்லும் விதத்திலேயே அங்கே பிள்ளை பெற்றவர்களுக்கு என்ன மரியாதை என்று தெரிந்துவிடும்.

இன்னொன்று. நேர்காணலுக்கு முன் ஒருநாள் மாலை 5.30-க்குக் கிண்டியில் அந்த ஆபீஸ் வாசலில் நின்று, அங்கிருந்து ஸ்டேஷனுக்கு நடந்து, ரயில் பிடித்து, டே கேர் வாசல் வரை வந்து பாருங்கள். கடிகாரம் 6.20-ஐத் தாண்டியிருந்தால் 5.30 உங்களுக்குப் போதாது, 8.15 முதல் 5.15 வரை என்று கேளுங்கள்.