கேளுங்கள்: குதிரை மூக்கில் ஒரு துப்பு

(போன இதழில் ‘என் பெயர் சிவப்பு’ நாவலைப் பற்றி ஒரு வரி சொல்லியிருந்தேன். அதைத் தொட்டு வந்த கேள்விகளை இந்த முறை சேர்த்து எடுத்துக்கொள்கிறேன்.)

கே: கொலைக் கதை, விறுவிறுவென்று போகும் என்று சொல்லி என் தோழி இந்த நாவலைக் கையில் திணித்தாள். நூறு பக்கம் தாண்டிவிட்டேன். பிணம் பேசுகிறது, நாய் பேசுகிறது, மரமும் தங்கக் காசும்கூடப் பேசுகின்றன. துப்பறிய யாராவது வருவார்களா, மாட்டார்களா? தொடரலாமா, திருப்பிக் கொடுத்துவிடலாமா? (சேலம் வாசகி)

ப: திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். தோழி மேல் வேண்டுமானால் கொஞ்சம் கோபப்படுங்கள், விறுவிறு என்று சொன்னதற்காக. நானும் முதல் தடவை இதைப் பேருந்துப் பயணத்தில் படிக்கத் தொடங்கி, யார் பேசுகிறார்கள் என்றே புரியாமல் பாதியில் மூடி வைத்தவன்தான்.

ஓரான் பாமுக் 1998இல் துருக்கி மொழியில் எழுதியது, தமிழில் ஜி. குப்புசாமி மொழிபெயர்த்திருக்கிறார். 1591ஆம் வருடப் பனிக்காலம், இஸ்தான்புல், கதை நடப்பது சில நாட்கள்தான். சுல்தான் மூன்றாம் முராத் ரகசியமாக ஒரு படப் புத்தகம் தயாரிக்கச் சொல்கிறார், வெனிஸ்காரர்கள் வரைவதுபோல. அதில் பொன் வேலை பார்த்தவர் கொலையாகிக் கிணற்றில் கிடக்கிறார். முதல் அத்தியாயத்தில் பேசுவதே அந்தப் பிணம்தான். சந்தேகம் மூன்று ஓவியர்கள் மேல்: வண்ணத்துப்பூச்சி, நாரை, ஆலிவ். மூன்றும் பட்டறையில் வைத்த பட்டப்பெயர்கள்.

நாயும் மரமும் பேசுவது மாயம் இல்லை. ஊரில் ஒரு காப்பிக் கடை, அங்கே ஒரு கதைசொல்லி, அவர் ராத்திரிக்கு ஒரு படத்தைச் சுவரில் மாட்டி அந்தப் படத்தின் குரலில் பேசுவார். நாய்ப் படம் மாட்டினால் நாயாக, காசுப் படம் மாட்டினால் காசாக. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். துப்பறிய ஒருவன் வருகிறான், பெயர் கருப்பு, பன்னிரண்டு வருடம் கழித்து ஊர் திரும்பியவன். ஆனால் அவனுக்குக் கொலையைவிட, தான் காதலிக்கும் ஷெகூரே மேல்தான் கண்.

கே: எல்லோரும் ஒரே மாதிரி வரையும் பட்டறையில் படத்தை வைத்துக் கொலைகாரனைப் பிடிப்பது எப்படி? கைரேகையா, என்ன? (நாகர்கோவில் வாசகர்)

ப: கிட்டத்தட்ட கைரேகைதான். முழு நாவலும் இந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது என்பேன்.

அந்த ஓவியர்களுக்குத் தனிப் பாணி என்பது பெருமை இல்லை, குற்றம். பழைய ஆசான்கள் எப்படி வரைந்தார்களோ அப்படியே வரைய வேண்டும், கையெழுத்துப் போடக்கூடாது, ‘இது இன்னார் கை’ என்று தெரிந்துவிட்டால் அங்கே ஏதோ பிசகு என்று அர்த்தம். குதிரையைப் பார்த்து வரைய மாட்டார்கள். ஐம்பது வருடம் வரைந்து வரைந்து கையே குதிரையை மனப்பாடம் செய்திருக்கும், கண்ணே தேவையில்லை. கண் தெரியாமல் போவதைச் சிலர் வரமாகவே நினைக்கிறார்கள்.

இப்போது செத்தவரின் உடலோடு ஒரு தாள் கிடைக்கிறது, தண்ணீரில் மை ஊறிப்போன தாள். அதில் சில குதிரைகள். ஒரு குதிரையின் மூக்குத் துவாரம் கொஞ்சம் வெட்டுப்பட்டது மாதிரி இருக்கிறது. அவ்வளவுதான் துப்பு! ஓவியர்களிடம் போட்டி என்று சொல்லி ஆளுக்கொரு குதிரை வரையச் சொல்கிறார்கள். அதற்குப் பிறகும் தலைமை ஓவியர் உஸ்மான், கருப்பைக் கூட்டிக்கொண்டு அரண்மனைப் பொக்கிஷ அறைக்குள் அடைந்து கிடந்து, நூற்றாண்டுக் கணக்கான பழைய சுவடிகளைப் புரட்டி, இந்த மூக்கு எந்த ஊர்ப் பட்டறையிலிருந்து யார் கைக்குள் வந்து உட்கார்ந்தது என்று தேடுகிறார். சுருட்டுப் புகையும் பூதக்கண்ணாடியும் வைத்துத் துப்பறிகிற எந்தக் கதையும் எனக்கு இந்த அளவு படபடப்பைத் தந்ததில்லை. மறைத்து வைத்த கையெழுத்து தவறாக வெளியே வருகிறது, அந்தத் தவறுக்குப் பெயர்தான் பாணி.

கே: உஸ்மான், பிஹ்ஸாத் எல்லாம் நிஜ மனிதர்களா, கற்பனையா? (மதுரை வாசகி)

ப: இருவரும் இருந்தவர்கள். பிஹ்ஸாத் ஹெராத் நகரத்து ஓவியர், 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் புகழின் உச்சியில் இருந்தவர். நக்காஷ் உஸ்மான் மூன்றாம் முராதின் அரண்மனை ஓவியர். இளவரசரின் சுன்னத் விழா 1582இல் ஐம்பது நாட்களுக்கு மேல் நடந்ததே, அந்தக் கோலாகலத்தைப் படமாக்கியது அவர் குழுதான். நாவலில் அவர் படும் பாடு பாமுக்கின் கற்பனை, அதை வரலாறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பொக்கிஷ அறையில் அவர்கள் புரட்டும் ஒரு புத்தகமும் நிஜம்: பாரசீக மன்னர் தஹ்மாஸ்ப் செய்வித்த ஷாநாமா, அதாவது பழைய பாரசீக அரசர்களின் காவியம், படங்களோடு. 258 படங்கள். 1568இல் சுல்தான் இரண்டாம் செலீமுக்குப் பரிசாக வந்தது. பின்னாளில் கைமாறி ஓர் அமெரிக்கப் பணக்காரரிடம் போய்ச் சேர, அவர் பக்கம் பக்கமாகப் பிரித்து விற்றார். எஞ்சியதை 1994இல் ஈரான் வாங்கிக்கொண்டது, பணம் கொடுத்து இல்லை, டி கூனிங் வரைந்த ஒரு நிர்வாணப் பெண் ஓவியத்தைப் பதிலுக்குக் கொடுத்து! கொலை இல்லாத இந்தக் கதைக்கே ஒரு நாவல் தாங்கும்.

கே: ஓவியம் பற்றி எதுவும் தெரியாதவன் படிக்கலாமா? (திருவாரூர் வாசகர்)

ப: தாராளமாக. செல்போனில் அந்தக் காலத்துப் பாரசீகச் சிற்றோவியம் ஒன்றைத் திறந்து பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே படியுங்கள். தூரத்து ஆளும் பக்கத்து ஆளும் ஒரே அளவில் இருப்பார்கள், நிழல் விழாது. ‘இது என்ன தெரியாத்தனமா?’ என்று தோன்றும். நாவலில் அதற்காகத்தான் சண்டை போட்டுக்கொள்கிறார்கள், மனிதக் கண்ணுக்குத் தெரிகிறபடி வரைவதா, மேலிருந்து கடவுள் பார்க்கிறபடி வரைவதா என்று.

கே: தலைப்பில் ஏன் சிவப்பு? (ஈரோடு வாசகி)

ப: சிவப்பு நிறமே பேசும் ஓர் அத்தியாயம் வருகிறது, அதுவரை பொறுங்கள். ஹிந்துஸ்தானத்து வெயிலில் கிடைத்த பூச்சியைக் காயவைத்து, இடித்து, காய்ச்சி அந்த நிறத்தை எடுக்கிறார்கள். எனக்கு உடனே நம் அரக்குப் புடவைதான் ஞாபகத்துக்கு வந்தது, அதுவும் பூச்சி தந்த பெயர்தானே. அப்புறம் பார்வையில்லாத ஓவியர் இருவர், சிவப்பைத் தொட்டால் எப்படி இருக்கும் என்று பேசிக்கொள்வார்கள். இரும்புக்கும் செம்புக்கும் நடுவில் இருக்குமாம். நான் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு வாசல் கிரில்லைத் தொட்டுப் பார்த்தேன், சிரிக்காதீர்கள்.

கே: கொலைகாரன் யாரென்று என் கணவர் சாப்பாட்டு நேரத்தில் உளறிவிட்டார். இனி படிப்பதில் என்ன இருக்கிறது? (தஞ்சாவூர் வாசகி)

ப: அவரை இரண்டு நாள் பாத்திரம் கழுவ விடுங்கள். நீங்கள் படியுங்கள். கொலைகாரன் இந்த நாவலில் இரண்டு குரலில் வருகிறான், கொலைகாரனாகச் சில அத்தியாயங்கள், தன் பட்டப்பெயரில் சில. ‘என் பேச்சை வைத்து என்னைக் கண்டுபிடி பார்க்கலாம்’ என்று நம்மைச் சீண்டவும் செய்கிறான். ஆள் தெரிந்துவிட்டதால் இரண்டு குரலையும் பக்கத்தில் வைத்து, எங்கே மூக்கு வெட்டுப்பட்டிருக்கிறது என்று நீங்கள் நிதானமாகப் பார்க்கலாம். எனக்கு முதல் தடவை அந்த வசதி கிடைக்கவில்லை, கடைசி வரை தப்பான ஆளைத்தான் சந்தேகப்பட்டேன். அது யாரென்று சொல்ல மாட்டேன், சொன்னால் மூவரில் ஒருவர் கழிந்துவிடுவார், சேலத்து வாசகி இன்னும் நூற்றுச் சொச்சம் பக்கத்தில்தான் இருக்கிறார்.